துட்டி வீட்டில் வசனத்தை முந்தவிடாதீர்கள்

எங்கள் சபையின் வீடு சந்திப்புக் குழுவில் இந்த வருஷம் ஆறு இளைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்த கையோடு வந்துவிடுகிறார்கள். சுகமில்லாதவர்கள், வேலை போனவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் என்று நான்கைந்து வீடுகள். அவர்கள் ஆர்வத்தைப் பார்த்தால் மனசு நிறைகிறது. ஆனால் வாய் திறந்தார்கள் என்றால், இருபது வருஷத்துக்கு முன்னால் நான் பேசிய அதே பேச்சு, வார்த்தை மாறாமல் வருகிறது. அந்தப் பேச்சால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

போனை அணைத்துவையுங்கள், சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்காதீர்கள் என்பதெல்லாம் இரண்டு வீடு போனால் தானாகவே விளங்கிவிடும். விளங்குவதற்கு வருஷக்கணக்காகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வசனத்தை முந்திச் சொல்வது

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம். ஒரே பையன், கல்லூரியில் இரண்டாம் வருஷம். பைக் விபத்தில் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் நான் துட்டி, அதாவது துக்கம், கேட்கப் போனேன். வாசலில் அவனுடைய செருப்பு கிடந்தது, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. யாருக்கும் அதை எடுத்து வைக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. அந்த அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஆடை படிந்து ஆறிப்போன காப்பி. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் என்னால் தாங்க முடியவில்லை. வேதாகமத்தைத் திறந்து யோபு 1:21 வாசித்தேன். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தம் போடவில்லை. "எடுத்தது அவருதான்னா, அவருகிட்ட நான் இனி என்னத்தப் பேச? நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்றார்கள்.

மூன்று வருஷம் அவர்கள் ஆலயத்துக்கு வரவில்லை. அதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாசலை ஒரு ஆள் வெளியிலிருந்து இழுத்துச் சாத்தியிருந்தால், அந்த ஆள் நான்.

அந்த வசனத்தில் தவறில்லை. அதை யார் சொன்னார் என்பதை நான் கவனிக்கவில்லை. அது யோபு தன் வாயால், தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த அன்றைக்குச் சொன்னது. அவருக்கு எதிரே உட்கார்ந்து யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவருடைய மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள்மேல் குற்றமே இல்லை. அப்புறம் பேசத் தொடங்குகிறார்கள். கடவுளின் நியாயத்தை அவர்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்பதுபோல, ஆளுக்கொரு விளக்கம். 16-ஆம் அதிகாரத்தில் யோபு பொறுக்க முடியாமல், "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்கிறார், அதாவது ஆறுதல் சொல்ல வந்து அலைக்கழிக்கிறவர்கள். கடைசியில், 42-ஆம் அதிகாரத்தில், கர்த்தரே அவர்கள்மேல் கோபப்படுகிறார்.

நம் தமிழ் வேதாகமத்தில் அந்தத் 'தேற்றரவாளர்' என்கிற சொல் இன்னொரு இடத்திலும் வருகிறது. யோவான் 14:16-இல் பரிசுத்த ஆவியானவரை இயேசு 'வேறொரு தேற்றரவாளன்' என்கிறார். எதற்காக அனுப்பப்படுகிறார்? "என்றென்றைக்கும் உங்களுடனே கூட இருக்கும்படிக்கு." அந்த வசனத்தில் அவருக்குச் சொல்லப்பட்ட முதல் வேலை கூட இருப்பது. எனக்கு இது பிடிபட்டபோது அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

ரோமர் 8:28-ம் இதே கதைதான். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறவரிடம் சொல்கிறோம். இரண்டே வசனம் மேலே, 26-ஆம் வசனத்தில், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. ஆவியானவரே வார்த்தையில்லாமல் பெருமூச்சு விடுகிற இடத்தை நாம் தாண்டிக் குதித்து 28-க்குப் போய்விடுகிறோம்.

போன மாதம் ஒரு துட்டி வீட்டில் எங்கள் குழுவின் தம்பி ஒருவர், உட்கார்ந்த ஒரு நிமிஷத்துக்குள் அதே யோபு 1:21-ஐ எடுத்தார். எனக்கு வந்த கோபத்தை அடக்கப் பெரும்பாடு பட்டேன். வெளியே வந்ததும், "ஏன் தம்பி அவ்வளவு அவசரம்?" என்று கேட்டேன். "சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மாதிரியா இருந்துச்சுண்ணே" என்றார். உண்மையைச் சொன்னார். நானும் அன்றைக்கு அதற்காகத்தான் வாசித்தேன். நமக்குத் தாங்க முடியாத மௌனத்தை நிரப்ப, அவர்களுடைய துக்கத்தின்மேல் வசனத்தை வைக்கிறோம்.

சரி, என்னதான் செய்வது? தரையில் இருக்கிறவரோடு தரையில் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பெயரைத் தவிர்த்து 'அவன்', 'அந்தப் பிள்ளை' என்று பேசுவது எவ்வளவு வலிக்கும் என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும். "தம்பிக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டால் ஒரு தாய் அரை மணி நேரம் பேசுவார். கேளுங்கள். வாசிக்கவேண்டும் என்று தோன்றினால், "வாசிக்கட்டுமாம்மா?" என்று அனுமதி கேளுங்கள். சரி என்றால் 13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று அழுகிறவரின் பக்கம் நின்று பேசுகிற சங்கீதம் அது.

ஏசாயா 50:4-ஐ இளைஞர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இளைப்படைந்தவனுக்குச் சமயத்திற்கேற்ற வார்த்தை சொல்லக் கல்விமானின் நாவு. அதே வசனத்தின் பின்பாதியில் காலைதோறும் கவனித்துக் கேட்கிற செவி இருக்கிறது. அதுவரைக்கும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள்.

"எனக்கும் இப்படித்தான் நடந்தது"

அவர்களாகக் கேட்டால் மட்டும்.

"விசுவாசமா இருங்க, சுகமாயிரும்"

சொல்லவே சொல்லாதீர்கள். சுகமாகாவிட்டால், வியாதியோடு சேர்த்து 'என் விசுவாசம் போதவில்லை' என்ற பாரத்தையும் அந்த மனுஷர் சுமக்கவேண்டியிருக்கும். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுலே எழுதியிருக்கிறார் (2 தீமோத்தேயு 4:20). அவனுக்கு விசுவாசம் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜெபக்குறிப்பாக மாறும் ரகசியம்

ஒரு பெண்ணுக்கு நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுபோனது. எங்களோடு வந்த ஒரு அக்காவிடம் மட்டும் அழுது காரணத்தைச் சொன்னாள். அந்த ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் அந்த அக்கா அவளுக்காக உருக்கமாக ஜெபித்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் தெருவைச் சொன்னார், வரதட்சணைத் தொகையைச் சொன்னார். செவ்வாய்க்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, உண்மையாகவே பாரப்பட்டுத்தான் ஜெபித்தார். உங்களிடம் தனியாகச் சொன்னதைத் தனியாக மட்டும் ஜெபியுங்கள். விவரம் எல்லாம் கர்த்தருக்குத் தெரியும்.

பொத்தாம்பொதுவான பாராட்டு

தேற்றுவது துக்க வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஞாயிறுதோறும் உழைக்கிறவர்களுக்கும் ஒரு நல்ல வார்த்தை தேவைப்படுகிறது. அங்கே நாம் "நல்லா பண்றீங்க, கர்த்தர் ஆசீர்வதிப்பார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ரோமர் 16-ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலர் தள்ளிவிடுவார்கள். அதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பெபேயாள் அநேகருக்கு ஆதரவாயிருந்தவள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் பவுலின் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள். ரூபின் தாய் பவுலுக்கும் தாய். யார், என்ன செய்தார் என்று பவுல் குறிப்பாகச் சொல்கிறார். எங்கள் ஆலயத்தில் மணி அடிக்கிற அண்ணனிடம் ஒருநாள், "மழையில கரண்ட் போன அன்னைக்கும் அஞ்சரைக்கு மணி கேட்டுச்சுண்ணே, அதைக் கேட்டுத்தான் எங்கம்மா எழுந்திருச்சு ஜெபம் பண்ணாங்க" என்று சொன்னேன். கயிற்றைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பதினாறு வருஷமாக மணி அடிக்கிறாராம். அது கேட்டது என்று யாரும் சொன்னதில்லையாம்.

முதல் வாரத்தோடு நின்றுவிடுவது

முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம். மூன்றாம் மாதம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். 'ஆறுதலின் மகன்' என்று பெயர் வாங்கிய பர்னபா, எருசலேமில் எல்லாரும் பயந்து ஒதுங்கியபோது, பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலுக்காக முன்னால் நின்றவர். அதோடு முடித்துக்கொள்ளவில்லை. பின்னாளில் அவரைத் தேடித் தர்சு வரைக்கும் போனார் என்று அப்போஸ்தலர் 11:25 சொல்கிறது.

நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். இறந்த தேதியோடு பிறந்த தேதியையும் குறித்துக்கொள்வேன், ஏனென்றால் பிறந்தநாள் இன்னும் கடினமான நாள். அந்தப் பையனின் பிறந்தநாளுக்கு மூன்று வருஷமும் போனேன். முதல் வருஷம் கதவைத் திறந்து, "வாங்க" என்றதோடு சரி. இரண்டாம் வருஷம் காப்பி கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் ஆல்பத்தை எடுத்துவந்தார்கள். ஞாயிறு பள்ளி நாடகத்தில் அவன் ஆட்டிடையன் வேஷம் போட்ட படம் ஒன்று இருந்தது. தலையில் கட்டியிருந்தது அவர்கள் வீட்டுத் துண்டு. "இந்தத் துண்டு இன்னும் இருக்குண்ணே" என்று உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார்கள். நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அன்றைக்கு வேதாகமம் என் பையிலேயே இருந்தது.