கியாசனூர் காட்டு நோய்: உண்ணிகளிடம் நாம் செய்யும் தவறுகள்

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டில் 1957-ஆம் ஆண்டு குரங்குகள் அடுத்தடுத்து இறந்தன. சுற்றுப்புற மக்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். அதற்குக் காரணமான வைரஸ், உண்ணிகள் கடிப்பதால் பரவுவது தெரியவந்தது. மலைநாட்டு மக்கள் குரங்குக் காய்ச்சல் என்று சொல்லும் இந்நோய் பிற்காலத்தில் வயநாட்டிலும் பலரைத் தாக்கியது. நீலகிரி மாவட்டத்தில் இறந்த குரங்குகளிடமும் இவ்வைரஸ் காணப்பட்டது.

பெயரைக் கேட்டுக் குரங்கின் மீது கோபம் கொள்வதே முதல் தவறு. குரங்கும் இந்நோய்க்குப் பலியாகும் உயிர்தான். ஆனால் அது இறந்ததும், அதன் உடலில் இரத்தம் குடித்துக்கொண்டிருந்த உண்ணிகள் அங்கிருந்து இறங்கிச் சுற்றியுள்ள சருகுகளில் பரவிவிடுவதால், இறந்த குரங்கை வேடிக்கை பார்க்க நெருங்குவதும் வெறுங்கையால் அப்புறப்படுத்துவதும் ஆபத்தானவை. வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ தகவல் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும்.

மனிதரைப் பெரும்பாலும் கடிப்பவை எளிதில் கண்ணுக்குத் தென்படாத இளம் உண்ணிகள். அவை மிகுந்திருக்கும் வறண்ட மாதங்களில்தான் மக்கள் விறகுக்கும், மாட்டுத் தொழுவத்தில் பரப்பச் சருகு அள்ளவும் காட்டுக்குள் செல்கின்றனர். முழுக்கை உடையும் உண்ணி விரட்டும் எண்ணெயும் இல்லாமல் போவதும், திரும்பியவுடன் சுடுநீரில் குளித்து, அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைச் சோதிக்காமல் விடுவதும் தவறு. கடித்திருக்கும் உண்ணியின் மீது மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் பழைய வழக்கங்கள், அவற்றால் நன்மையில்லை. கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுத்து, அவ்விடத்தைச் சோப்பால் கழுவ வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது.

கடித்த 3 முதல் 8 நாட்களுக்குள் திடீர்க் காய்ச்சல், தலைவலி, கடும் உடல்வலி தொடங்கலாம். அப்போது காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது, என் கருத்தில், மற்றெல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. உண்ணிகள் பரப்பும் ரிக்கெட்சியா பாக்டீரியா காய்ச்சலை டாக்சிசைக்ளின் குணப்படுத்தும். இந்த வைரஸை அது ஒன்றும் செய்யாது என்பதால், பரிசோதனையின்றி மருந்தை ஊகிக்க முடியாது. இரத்தக்கசிவு ஏற்படக்கூடிய நோயாதலால் ஆஸ்பிரின், இபுபுரோபென் போன்றவற்றைத் தாமாக விழுங்கக் கூடாது.

நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. காய்ச்சல் விட்டதும் வேலைக்குக் கிளம்புவதுதான் கவலைக்குரியது. சிலருக்கு ஓரிரு வாரங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலும், அதனுடன் கடும் தலைவலியும் நடுக்கமும் மனக்குழப்பமும் வரலாம் என்பதால், அந்தக் காலம் கடக்கும்வரை மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.