இரட்டை ஸ்பிண்டில் லேத் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

துவாக்குடி, அரியமங்கலம் பட்டறைகளில் பெரும்பாலானவை திருச்சி பெல் ஆலையின் பாய்லர் வேலையை நம்பி வளர்ந்தவை. எடை அதிகம், எண்ணிக்கை குறைவு. அந்தப் பழக்கத்தோடு இரட்டை ஸ்பிண்டில் சிஎன்சிக்கு வருபவர்கள் திணறிப்போகிறார்கள். இந்தக் கம்ப்யூட்டர் லேத்தில் மெயின் ஸ்பிண்டில் ஜாபின் முன்பக்கத்தை முடித்ததும், எதிரே உள்ள சப் ஸ்பிண்டில் அதை வாங்கிப் பின்பக்கத்தை முடிக்கும். புஷ், கப்ளிங், ஹைட்ராலிக் ஃபிட்டிங் என்று ஒரே ஜாப் ஆயிரக்கணக்கில் ஓடினால்தான் இந்த மெஷின் போட்ட காசை எடுத்துத் தரும். நாச்சியார்கோவில் விளக்குத் தண்டு போல அளவுக்கு அளவு மாறும் வார்ப்புக்குச் சாதாரண லேத்தே போதும். தொடர் ஆர்டர் கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மெயின் ஸ்பிண்டில் முன்பக்கத்தை 40 விநாடியில் முடிக்கிறது, சப் ஸ்பிண்டிலுக்குப் பின்பக்கம் முடிக்க 70 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாப் 70 விநாடிக்கு ஒன்றுதான் வரும். கைமாறும் நேரம் தனி. உற்பத்தி போதவில்லை என்று மெயின் பக்கத்தில் ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) ஏற்றினால் இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்வதுதான் மிச்சம். பின்பக்கத்து டிரில்லிங், போரிங்கில் முடிந்ததை முன்பக்கத்துக்கு மாற்றி, இரண்டையும் 55 விநாடிக்கு அருகில் கொண்டுவாருங்கள்.

ரிஜெக்ஷன் அதிகம் பிறப்பது ஜாப் கைமாறும் இடத்தில். சப் ஸ்பிண்டில் சக்கில் ஜாபைக் கவ்வும் ஜாவின் முகத்தில் முடி கனத்துக்கு ஓர் உலோகச் சுருள் ஒட்டியிருந்தாலே ஜாப் சாய்ந்து உட்காரும், நீளமும் ஃபேஸும் தவறிவிடும். ஒவ்வொரு பிடிக்கும் முன்னால் ஏர் அடிக்கும்படி புரோகிராமில் எழுதுங்கள். சாஃப்ட் ஜாவை (ஜாபுக்கு ஏற்பக் கடைந்துகொள்ளும் மென்மையான ஜா), ஜாபைப் பிடிக்கப்போகும் அதே பிரஷரில் வைத்துத்தான் போரிங் செய்ய வேண்டும். ஹெக்ஸ் (அறுகோண) ராடு என்றால் இரண்டு ஸ்பிண்டிலின் வேகம் ஒத்துப்போனால் மட்டும் போதாது, கோணமும் ஒத்துப்போக வேண்டும்.

சுவர் மெலிந்த புஷ்ஷில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று ஜா அழுத்திப் பிடித்திருக்கும்போது போர் (உள்துளை) வட்டமாகவே வரும். பிடியை விட்டதும் மும்முனையாக உப்பிக்கொள்ளும். இரண்டு முனை தொடும் போர் கேஜ் எந்தப் பக்கம் திருப்பினாலும் அளவு சரி என்றே காட்டக்கூடும். துளைக்குள் விட்டுப் பார்க்கும் உருளையான பிளக் கேஜ் மட்டும் நுழையாது. ஆஃப்செட்டை (டூலின் அளவுத் திருத்தத்தை) தொடாதீர்கள். பிரஷரைக் குறையுங்கள், அல்லது ஜாபைச் சுற்றி அணைக்கும் அகல ஜாவோ காலெட்டோ போடுங்கள்.

கைமாறும் நேரத்தில் கரண்ட் போனால் ஜாப் இரு சக்கிலும் மாட்டியிருக்கும். அப்படியே ஸ்லைடை ஹோமுக்கு (தொடக்க இடத்துக்கு) அனுப்பினால் ஜாபையும் சக்கையும் சேர்த்து இழுத்துவிடும். இதில் அவசரமே கூடாது. ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகு, ஒரு சக்கைத் திறந்து, அது விட்டுவிட்டதைக் கண்ணால் பார்த்து, அதன்பின் நகர்த்துங்கள்.

கடலோரப் பகுதியில் கிணற்று நீர் உப்பேறியிருந்தால் அதைக் கூலன்ட்டில் கலக்காதீர்கள். ஜாப் இரவோடு இரவாகத் துருப்பிடிக்கும். டேங்க் குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றாமல் கலந்த கூலன்ட்டையே ஊற்றி, ரிஃப்ராக்டோமீட்டரில் கலவையின் செறிவைப் பாருங்கள்.