சூப்பர் ஹீரோ படத்தின் அடுத்த பாகம் எவ்வளவு வசூலிக்கும்? நீங்களே கணக்கிடலாம்

ரஜினி பட வசூல் என்றால் தேக்கா காப்பிக்கடையில் மணிக்கணக்காக வாதாடுகிற நம்மவர்கள், ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படத்தின் அடுத்த பாகம் வந்தால் மட்டும் ‘முந்தையது ஒரு பில்லியன், இது அதைத் தாண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில். நம் சிங்கப்பூர் வெள்ளியில் அல்ல.

படி 1: முந்தைய வசூலைச் சந்தேகியுங்கள். இதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ‘கேப்டன் மார்வெல்’ (2019) 1.1 பில்லியனைத் தாண்டியது. ஆனால் அது, மார்வெல் நாயகர்கள் ஒன்றுசேரும் அவெஞ்சர்ஸ் படங்கள் இரண்டுக்கு நடுவே வெளியானது. அடுத்த படத்துக்கு இதில் துப்புக் கிடைக்கும் என்று வந்த கூட்டமும் அதில் சேர்த்தி. அந்தத் துணை இல்லாமல் வந்த அதன் அடுத்த பாகம் ‘தி மார்வெல்ஸ்’ (2023) சுமார் 206 மில்லியனில் நின்றுவிட்டது. நேர்மாறாக, ‘பேட்மேன் பிகின்ஸ்’ (2005) ஈட்டியது 370 மில்லியன் அளவில்தான், பார்த்தவர்களுக்குப் பிடித்திருந்தது. 2008-இல் வந்த அதன் அடுத்த பாகம் ‘தி டார்க் நைட்’ ஒரு பில்லியனை எட்டியது. ஆகவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, எதற்காக வந்தார்கள், திருப்தியாகத் திரும்பினார்களா என்றும் கேளுங்கள்.

படி 2: வட அமெரிக்காவின் முதல் வார இறுதி வசூலைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை ரயிலில் வேலைக்குப் போகும்போதே மதிப்பீடு கைப்பேசியில் வந்திருக்கும். விவோசிட்டியில் அரங்கு நிறைந்ததை வைத்து உலக வசூலைக் கணிக்காதீர்கள். சிங்கப்பூர் வசூல் வெளிநாட்டுக் கணக்கில் ஒரு துளி.

படி 3: அதைப் பெருக்குங்கள். வட அமெரிக்காவின் மொத்த வசூல், இவ்வகைப் படங்களுக்குப் பெரும்பாலும் தொடக்க வசூலைப்போல் 2 முதல் 3 மடங்கு. 2023-இல் மூன்றாவது ‘ஆன்ட்-மேன்’ 106 மில்லியனில் தொடங்கி 214-இல் முடிந்தது. அதே ஆண்டு மூன்றாவது ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ 118-இல் தொடங்கி 359 வரை போனது. தொடக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான், முடிவில் எவ்வளவு தூரம்! அமெரிக்க ரசிகர்களிடம் எடுக்கும் சினிமாஸ்கோர் கருத்துக்கணிப்பில் ‘ஆன்ட்-மேன்’ படத்துக்கு ‘பி’, ‘கார்டியன்ஸ்’ படத்துக்கு ‘ஏ’. விமர்சகர்களைவிட இந்த மதிப்பெண்ணையே நான் நம்புவேன்.

படி 4: வெளிநாட்டு வசூலைச் சேருங்கள். வட அமெரிக்க வசூலுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ வைக்கலாம். சீனாவை மட்டும் பழைய கணக்கில் சேர்க்காதீர்கள்: ‘கேப்டன் மார்வெல்’ அங்கே 150 மில்லியனுக்கு மேல் அள்ளிய காலம் மலையேறிவிட்டது. 2021-இன் ‘ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்’ சீனாவில் வெளியாகாமலேயே 1.9 பில்லியன் ஈட்டியது.

படி 5: லாபமா, நட்டமா? டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி திரையரங்குகளுக்குப் போகிறது. விளம்பரச் செலவு தனி. தயாரிப்புச் செலவைப்போல் இரண்டரை மடங்கு வந்தால் தப்பித்தது என்பது பொதுவான கணக்கு.

விடையை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். தொடக்கம் 100 மில்லியன் என்றால் வட அமெரிக்காவில் 200 முதல் 300, உலக அளவில் 400 முதல் 650 வரை என்று குறியுங்கள். இரண்டாம் வார இறுதியில் வசூல் 65 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தால், மேல் எண்ணை அடித்துவிடலாம்.