தொப்பையும் பெருங்குடல் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் ஆண்களிடம் இடுப்பளவு கேட்டால் பேன்ட் சைஸைத்தான் சொல்வார்கள். 34 இன்ச். அந்த பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது என்பது கணக்கில் வராது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு, வயிற்றை எக்காமல் டேப்பை வைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் நம் உடல்வாகுக்கு அது அதிகம். எடை மெஷின் இதைச் சொல்லாது.

கொழுப்பை நெல் கொட்டி வைக்கும் குதிர் போல நினைப்பது இன்னொரு தவறு. அது ஹார்மோனும் சுரக்கிறது. 1994-ல் கண்டறியப்பட்ட லெப்டின் அதில் முக்கியமானது. ‘கொழுப்பு இருப்பு போதும், பசியைக் குறை’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் ஏறும், ஆனால் மூளை காது கொடுக்காது. பெருங்குடல் செல்களிலோ அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே அது செல்களைப் பெருகத் தூண்டுகிறது, சாக வேண்டிய செல்லைச் சாக விடுவதில்லை. இதற்குக் கடிவாளம் போடும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோனோ, தொப்பை வளர வளரக் குறைகிறது. கூடவே இன்சுலினும் அழற்சியும் ஏறுகின்றன. இதில் பெரும்பகுதி ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் பார்த்தது. மனித உடலில் லெப்டினின் பங்கை மட்டும் தனியே பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் உடல் பருமனுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. ஆண்களிடம் அது இன்னும் பலமாகத் தெரிகிறது.

சரி, லெப்டின் மாத்திரை வாங்கலாமா? வேண்டாம். லெப்டின் ஒரு புரதம், விழுங்கினால் செரித்துவிடும். தொப்பை உள்ளவரிடம் அது ஏற்கெனவே ஏராளம். விளம்பரக்காரர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

‘பீர் மட்டும்தான்’ என்பதும் ஏமாற்றுக் கணக்கு. புதுச்சேரியில் மது மலிவு என்பது ஊரறிந்தது. பீரானாலும் பிராந்தியானாலும் உள்ளே இருக்கும் ஆல்கஹாலே பெருங்குடல் புற்றுநோய்க்குத் தனியாக ஒரு காரணம், தொப்பை அதற்கு மேல். ஒல்லியாக இருப்பவருக்கு வராது என்றும் இல்லை. வயதும் குடும்ப வரலாறும் எடை பார்த்து வருவதில்லை.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, மலத்தில் ரத்தம் வந்தால் ‘மூலச்சூடு’ என்று நாமே முடிவு கட்டுவது. துத்திக் கீரை, மோர் என்று மாதங்கள் ஓடிவிடும். பெருங்குடலின் உட்சுவரில் வளரும் பாலிப் என்ற சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் சுமார் பத்தாண்டு ஆகும், அதற்குள் கொலோனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) பார்த்து அப்போதே எடுத்துவிடலாம். புதுச்சேரி ஜிப்மரில் குடல் நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது, கடலூர்க்காரர்களுக்கும் அது பக்கம்தான். அப்புறம், நடுவயது தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை என்று ரிப்போர்ட் வந்தால் டானிக்கோடு நிறுத்தாதீர்கள்; குடலில் ரத்தம் கசிவதாலும் அது வரலாம், குடலையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.