முடி நிறைய இருக்கா, முடி தடியா இருக்கா? ஸ்ட்ரெயிட்னர் வாங்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

ஸ்ட்ரெயிட்னர் வாங்கணும்னு முடிவு பண்ணதும் எல்லாரும் மொத பாக்குறது விலை, அடுத்து அட்டைல தகடு டைட்டானியம்னு போட்ருக்கா செராமிக்னு போட்ருக்கானு. அது ரெண்டுக்கும் முன்னாடி உங்க முடிய பாருங்கனு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், ஏன்னா அத பாக்காம வாங்கி நான் நல்லா பட்டுட்டேன்.

எனக்கு தலை நிறைய முடி. சின்ன வயசுல இருந்து பாட்டி, அத்தை எல்லாரும் இவளுக்கு கை கொள்ளாத முடினு சொல்லி சொல்லி, எனக்கு தடிச்ச முடினே நெனச்சிட்டு இருந்தேன், அதனால மொத தடவை வாங்குனப்போ சூட்ட கூட்டவும் குறைக்கவும் முடியாத, ஆன் பண்ணா நேரா 210 டிகிரிக்கு போற மெஷின் ஒண்ண வாங்கிட்டேன். சித்தி பொண்ணு ரிசப்ஷன் அன்னைக்கு தலைக்கு குளிச்சு, முடி முழுசா காயுறதுக்குள்ள நேரமாச்சுனு முன்நெத்தி முடிய எடுத்து இழுத்தேன். சர்ர்ருனு ஒரு சத்தம், கருகுன வாடை, அடுத்து சீப்பு போட்டப்போ ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு முடி சீப்போடயே வந்துச்சு. அந்த இடம் வளந்து காதுக்கு பின்னாடி சொருகுற அளவுக்கு வர ஒரு வருஷம் ஆச்சு.

அப்புறம் தான் புரிஞ்சது, தலைல முடி நிறைய இருக்கறது வேற, ஒவ்வொரு இழையும் தடியா இருக்கறது வேற. எனக்கு எண்ணிக்கை தான் அதிகம், இழை ரொம்ப மெல்லிசு. சூடு படுறது இழை மேல தான, எத்தனை இழைங்கறது மெஷினுக்கு தெரியாது. மெல்லிசான முடி கிட்டத்தட்ட 0.05 மில்லிமீட்டர் தான் இருக்கும், தடிச்சது 0.1 வரைக்கும் போகும், ரெண்டுக்கும் ஒரே சூடு எப்படி சரியா வரும் சொல்லுங்க.

வீட்டுலயே பாத்துக்கலாம். சீப்புல வந்த முடி ஒண்ண எடுத்து கட்டவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு உருட்டி பாருங்க. கைல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்தா மெல்லிசு, ஏதோ இருக்குனு தெரிஞ்சா நடுத்தரம், நூல் மாதிரி நல்லா தட்டுப்பட்டா, லேசா சொரசொரப்பா இருந்தா தடி. ஒரு இடத்து முடிய மட்டும் பாத்துட்டு விட்றாதீங்க, உச்சி, காதோரம், பிடரினு மூணு இடத்துலயும் பாருங்க. நிறைய பேருக்கு காதோரம் மெல்லிசா, பிடரில தடியா இருக்கும்.

ரெண்டாவது, முடி அடிபட்டிருக்கா இல்லையா. கலர் பண்ணிருந்தாலோ, ப்ளீச் பண்ணிருந்தாலோ, பார்லர்ல ஏற்கனவே ஸ்மூத்னிங் மாதிரி ஏதாவது பண்ணிருந்தாலோ இழை எவ்ளோ தடியா இருந்தாலும் அத மெல்லிசு முடி கணக்குல தான் வெக்கணும். தலைல தண்ணி பட்ட உடனே சட்டுனு உறிஞ்சுக்கிட்டு நனைஞ்ச பஞ்சு மாதிரி தொளதொளனு ஆகுதுன்னா அதுவும் அடிபட்ட முடிக்கு அடையாளம். நரைச்ச முடிக்கும் சூடு கம்மியா தான் வெக்கணும், அதிகமானா வெள்ளை முடி பழுப்பு மஞ்சளா மாறிடும், அப்புறம் அத எடுக்கறது கஷ்டம்.

மூணாவது சுருள். கோரை முடியா, அலை அலையா இருக்கா, ஸ்ப்ரிங் மாதிரி சுருட்டையானு உங்களுக்கே தெரியும், அதுக்கு பெருசா டெஸ்ட் ஒண்ணும் வேணாம்.

இப்ப சூடு எவ்வளவுனு பாப்போம். மெல்லிசு முடி, அடிபட்ட முடிக்கு 130ல இருந்து 150, அதுக்கு மேல வேணாம். நடுத்தர முடிக்கு 160ல இருந்து 180. நல்ல தடியான, நெருக்கமா சுருண்ட முடிக்கு மட்டும் 190, 200. அட்டைல 230 டிகிரி வரைக்கும் போகும்னு பெருசா போட்டிருப்பாங்க, நம்ம வீட்டுல யாருக்கும் அது தேவையே இல்ல. 200ஐ தாண்டுனா முடியோட கெரட்டின் புரோட்டீனே கெட ஆரம்பிச்சிடும், அது திரும்பி வராது, வெட்டி விடுறது தான் ஒரே வழி.

சூடு ஜாஸ்தி வெச்சா ரொம்ப நேரம் நிக்கும்னு ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு. ஸ்ட்ரெயிட்னர் செய்யறது என்னன்னா முடிக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்ப சூட்டால தளத்தி, ஆறும்போது நேரா இருக்கற நிலைல திரும்ப சேர விடறது. அதே பிணைப்பு தண்ணி பட்டாலும் தளந்துடும், காத்துல இருக்கற ஈரம் பட்டாலும் தளந்துடும். அதனால தான் கோயம்புத்தூர்ல ரெண்டு நாள் நிக்கற முடி சென்னைல ஐப்பசி மழை சமயத்துல பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள சுருண்டுக்குது. அதுக்கு சூட்ட ஏத்தி பிரயோஜனம் இல்ல, முடிய காப்பாத்துற அளவுல வெச்சு, முடி நல்லா ஆறுற வரைக்கும் கை வெக்காம இருக்கறது தான் உபயோகம்.

அதனால என் கணக்குல மொத விதி, டிகிரி நம்பர் காட்டற, பத்து பத்தா மாத்தக்கூடிய மெஷினா வாங்குங்க. நம்பரே இல்லாம லோ, ஹைனு மட்டும் போட்டு ஒரு திருகு வெச்சிருந்தா, அந்த லோ 120ஆ 170ஆனு நமக்கு எப்படி தெரியும்? காசு கம்மியா இருந்தா வேற எத வேணா விட்டு குடுங்க, இத விட்டு குடுக்காதீங்க.

தகடு விஷயம் அதுக்கு அப்புறம் தான். செராமிக் சூட்ட சீரா பரப்பும், மெல்லிசு முடிக்கும் நடுத்தர முடிக்கும் அது போதும். ஆனா விலை கம்மியான மெஷின்ல அலுமினியம் மேல செராமிக் பூச்சு மட்டும் தான் இருக்கும், தோசைக்கல் கோட்டிங் உரியுற மாதிரி கொஞ்ச நாள்ல ஓரத்துல உரிஞ்சு முடி அதுல மாட்டும், அப்படி உரிஞ்சதுக்கு அப்புறம் அத வெச்சுக்காதீங்க. டைட்டானியம் சீக்கிரம் சூடாகும், சூட்ட முடிக்கு வேகமா கடத்தும், தடிச்ச சுருட்டை முடிக்கு நல்லது, கை பழகாதவங்க மெல்லிசு முடில அத போட்டு ஒரு நொடி நின்னுட்டா போச்சு. டூர்மலின்ங்கறது ஒரு கல்லோட பொடி, செராமிக்கோட கலந்து பூசுவாங்க, முடி பறக்கறத கொஞ்சம் அடக்கும்.

அகலம் ஒரு இஞ்ச் இருந்தா பெரும்பாலும் எல்லாருக்கும் சரி வரும். பாப் கட், ஃப்ரின்ஜ் வெச்சவங்களுக்கு அரை இஞ்ச். இடுப்பு வரைக்கும் முடி இருக்கறவங்க ஒன்றரை இஞ்ச் வாங்கலாம், வேலை சீக்கிரம் முடியும், ஆனா சுருட்டையா இருந்தா அகலமான தகடு வேர் பக்கத்துல போகாது, உச்சி சுருண்டும் கீழ நேராவும் நிக்கும், அவங்க நேரம் ஆனாலும் பரவால்லனு ஒரு இஞ்ச்லயே இருக்கறது நல்லது. அலை முடிய லேசா அடக்குனா போதும், பளபளனு நேரா வேணாம்னா ஸ்ட்ரெயிட்னிங் பிரஷ் போதும், ஸ்ப்ரிங் சுருட்டைக்கு அது பத்தாது.

கடைல வாங்குறதா இருந்தா ஆன் பண்ணாம மூடி, ட்யூப் லைட்ட பாத்து பிடிங்க. ரெண்டு தகடுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அந்த இடத்துல முடி சரியா புடிக்காது, நீங்க அதே கொத்த மூணு நாலு தடவை இழுப்பீங்க, முடி போறது அதுல தான். தகடு அழுத்துனா லேசா உள்ள போய் வரணும். வயர் ரெண்டு மீட்டராவது இருக்கணும், கைப்பிடிகிட்ட சுத்துற மாதிரி இருக்கணும். தானா ஆஃப் ஆகற வசதி இருந்தா மனசு நிம்மதி.

அமெரிக்கால இருந்து யாராவது வாங்கிட்டு வந்தா, வயர்லயோ கைப்பிடிலயோ 100-240 வோல்ட்னு போட்டிருக்கானு பாத்துட்டு தான் சொருகணும். 120 மட்டும் போட்டிருந்தா நம்ம ஊர் 230க்கு எரிஞ்சிடும், ப்ளக் பின் மாத்துற அடாப்டர் போட்டாலும் வோல்ட் மாறாது.

ஈர முடில சூடான தகடு படவே கூடாது, உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி இழைக்குள்ள குமிழ் குமிழா வெடிக்கும், அன்னைக்கு எனக்கு கேட்ட சர்ருங்கற சத்தம் அது தான். 2023ல வந்த டைசன் ஏர்ஸ்ட்ரெயிட்ல சூடான தகடே கிடையாது, காத்தாலயே நேராக்கும், அதனால ஈர முடிக்கும் ஆகும், விலை தான் ரொம்ப அதிகம். எண்ணெய் வெச்ச தலைலயும் இழுக்காதீங்க, செக்கு தேங்கா எண்ணெய் 175 டிகிரி பக்கத்துல புகையவே ஆரம்பிச்சிடும். அதுக்கு பதிலா டைமெத்திகோன் மாதிரி சிலிகோன் இருக்கற ஹீட் ப்ரொடெக்டன்ட் (சூட்டுல இருந்து முடிய காக்கற ஸ்ப்ரே) அடிச்சு, அது காஞ்சதும் பண்ணுங்க.

புதுசா வாங்குனத மொத தடவை முன்நெத்தில போட்றாதீங்க. பிடரில உள்பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு கொத்து எடுத்து சிக்கு எடுத்துட்டு, 150ல வெச்சு, சீப்ப முன்னாடி விட்டு அது பின்னாடியே மெஷின நிறுத்தாம ஒரே தடவை இழுங்க. ஆற விட்டு தொட்டு பாருங்க. நேராகி வழவழனு இருந்தா உங்க சூடு 150 தான். நேராகலைனா, உங்க முடிக்கு மேல சொன்ன அளவ தாண்டாம பத்து ஏத்துங்க, நுனி மொறமொறனு ஆனாலோ வாடை வந்தாலோ இருபது இறக்குங்க.