பழைய ஆண்ட்ராய்டு ஆப்பை ஏபிஐ 35-க்கு ஏற்றுவது எப்படி?

பால் கணக்கு எழுத ஒரு சின்ன ஆப் செய்து ப்ளே ஸ்டோரில் போட்டிருந்தேன். இரண்டு வருடமாக அதில் கை வைக்கவில்லை. யாரும் குறையும் சொல்லவில்லை. ஆனாலும் ப்ளே கன்சோலில் (ஆப் செய்பவர்கள் ஆப்பை ஏற்றி நிர்வகிக்கும் தளம்) எச்சரிக்கை வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 31 முதல் ஏற்றும் புது ஆப்பும் சரி, அப்டேட்டும் சரி, ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ 35-ஐ (ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள எண்) டார்கெட் செய்தாக வேண்டும். அப்டேட்டே போடாமல் இருந்தாலும் தப்ப முடியாது. டார்கெட் 34-க்குக் கீழே இருந்தால், புதிய ஆண்ட்ராய்டு போனில் தேடும் புதியவர்களுக்கு ஆப் கிடைக்காது.

படி 1: எண்களைப் பாருங்கள்

ஆப்பின் பில்ட் கிரேடில் ஃபைலில் (ஆப்பை எப்படி உருவாக்க வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) மூன்று எண்கள் இருக்கும். மின் எஸ்டிகே, எவ்வளவு பழைய போன் வரை ஓடும் என்பது. கம்பைல் எஸ்டிகே, எந்தப் பதிப்பை வைத்து பில்ட் செய்கிறோம் என்பது. டார்கெட் எஸ்டிகே, எந்த ஆண்ட்ராய்டின் விதிகளுக்கு ஆப் தயார் என்பது. ஸ்டோர் கேட்பது இந்தக் கடைசி எண்ணைத்தான். என்னுடையது 32.

படி 2: முதலில் கம்பைல் மட்டும்

கம்பைல் எஸ்டிகே-யை 35 ஆக்குங்கள். கிரேடில் ப்ளகின் 8.6 அல்லது அதற்கு மேல் வேண்டும்; ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் டூல்ஸ் மெனுவில் உள்ள அப்கிரேடு அசிஸ்டென்ட் அதைப் பார்த்துக்கொள்ளும். பில்ட் ஓடியதும் கிட்டில் (Git) கமிட் போடுங்கள், அதாவது இதுவரை செய்த மாற்றத்தைப் பதிந்துவையுங்கள். இரண்டு எண்ணையும் ஒரே மூச்சில் மாற்றினால், எதனால் உடைந்தது என்று தேடியே ராத்திரி போய்விடும்.

படி 3: டார்கெட்டை ஒவ்வொன்றாக

33-க்கு வந்தால், நோட்டிஃபிகேஷன் அனுப்ப பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். 34-இல், ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (நோட்டிஃபிகேஷன் காட்டியபடி தொடர்ந்து ஓடும் வேலை) இருந்தால் அது எந்த வகை என்று மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரங்களை அறிவிக்கும் ஃபைல்) எழுத வேண்டும், எழுதாவிட்டால் கிராஷ்.

35-தான் என்னைப் படுத்தியது. என் போன் ஆண்ட்ராய்டு 13. அதில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. கணினியிலேயே ஓடும் ஆண்ட்ராய்டு 15 ஈமுலேட்டரில் திறந்தால், கீழே இருந்த ‘சேமி’ பட்டன் பாதி நேவிகேஷன் பாருக்குள் போய்விட்டது. மேலே மாதத்தின் பெயர்மீது கடிகாரம் உட்கார்ந்திருக்கிறது. காரணம், 35-ஐ டார்கெட் செய்யும் ஆப் ஆண்ட்ராய்டு 15-இல் திரையின் விளிம்புவரை விரிந்தே தீரும். பழைய போனில் சோதித்தால் இது கண்ணில் படவே படாது.

தீர்வு சின்னதுதான். ஆக்டிவிட்டியின் (ஆப்பின் ஒரு திரை) வெளி லேஅவுட்டில் விண்டோ இன்செட்ஸ் லிசனர் ஒன்றை மாட்டி, சிஸ்டம் பார்கள் எடுக்கும் இடத்தை (இதுதான் இன்செட்) அந்த லேஅவுட்டுக்குப் பேடிங்காக, அதாவது உள் இடைவெளியாகக் கொடுங்கள். எழுதும் கட்டம் இருந்தால் கீபோர்டின் இன்செட்டையும் சேருங்கள். தீமில் இதை அணைக்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் டார்கெட் 36 ஆனதும் அது செல்லாது. இப்போதே முடித்துவிடுவது நல்லது.

படி 4: 16 கேபி

2025 நவம்பர் 1 முதல் இன்னொரு நிபந்தனை: 16 கேபி மெமரி பேஜ் (நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு) உள்ள போனிலும் ஆப் ஓட வேண்டும். வெறும் காட்லின் மொழியில் எழுதிய ஆப் என்றால் கவலையில்லை; சி++ போன்ற மொழியில் எழுதிய பகுதிதான் இதில் சிக்கும். ஆனால் நீங்கள் சி++ எழுதாவிட்டாலும், ஆப்பில் சேர்த்த ஏதாவது லைப்ரரிக்குள் அது இருக்கலாம். ஆப் ஃபைலைத் திறந்து காட்டும் ஏபிகே அனலைசரில் (ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் உள்ளது) ‘லிப்’ ஃபோல்டர் தென்பட்டால் அந்த லைப்ரரியைப் புதுப்பியுங்கள்.

படி 5: ஏற்றுங்கள்

ஆப்பின் வரிசை எண்ணான வெர்ஷன் கோடை ஒன்று கூட்டுங்கள் (நான் மறப்பதே இதைத்தான்). முதலில் இன்டர்னல் டெஸ்டிங், அதாவது தெரிந்த சிலருக்கு மட்டும். அப்புறம் புரொடக்‌ஷனில் (எல்லோருக்குமான வெளியீடு) 10 சதவீதம் பேருக்கு மட்டும் விட்டு, இரண்டு நாள் கிராஷ் கணக்கைப் பாருங்கள். ஏறினால் ரோல்அவுட்டை நிறுத்திவிடலாம்.