ஸ்பிரிங் ஆர்டர் கொடுப்பதில் நாம் செய்கிற தவறுகள்

வால்வு, பம்பு, நூற்பாலை எந்திர உதிரிகள் என்று எதைச் செய்தாலும், காஸ்டிங் (உருக்கி வார்த்த பாகம்) வாங்கும்போது காட்டுகிற கவனத்தில் பாதியைக்கூட நம் கோவைப் பட்டறைகள் ஸ்பிரிங் வாங்கும்போது காட்டுவதில்லை. ஒரு ஸ்பிரிங்கின் விலை சில ரூபாய்தான். மெஷின் விலையில் அது கணக்கிலேயே வராது. ஆனால் விற்ற மெஷின் வாடிக்கையாளர் இடத்தில் நிற்கும்போது காரணம் பல சமயம் அந்தச் சில ரூபாய் சாமானாகத்தான் இருக்கும்.

காஸ்டிங்கின் மேலே ஓட்டை விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்பிரிங் அப்படியில்லை. நல்லதும் மோசமானதும் ஒரே மாதிரி பளபளக்கும். என்ன கம்பி, ஓவனில் எவ்வளவு சூட்டில் வைத்தார்கள், பிளேட்டிங் (மேலே பூசுகிற உலோகப் பூச்சு) ஆன பிறகு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வெளியே தெரியாது. அதனால் சேம்பிளைக் கையில் அழுத்திப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று ஸ்பிரிங் செய்து தருகிற ஆளை முடிவு செய்வதில் அர்த்தமில்லை. அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாமக்கல், சங்ககிரி பக்கம் ஸ்பிரிங் பட்டறை எங்கே என்று கேட்டால் லாரிக்குப் பட்டா (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) கட்டுகிற இடத்தைக் கை காட்டுவார்கள். அது வேறு தொழில். இங்கே பேசுவது கம்பியைச் சுற்றிச் செய்கிற ஸ்பிரிங்கைப் பற்றி.

அதிகம் நடக்கிற தவறு, ஓடித் தேய்ந்த பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு போய் ‘இதே மாதிரி ஐந்நூறு வேண்டும்’ என்று கொடுப்பது. ‘அதுக்கென்னங்ணா, வெச்சுட்டுப் போங்க, அப்படியே போட்டுத் தந்தர்றனுங்’ என்று பதில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பல மாதம் அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் தன் பழைய நீளத்தில் இருக்காது. 52 மி.மீ. இருந்தது 49-க்கு வந்திருக்கும். அப்படியே போட்டுத் தந்தால் அந்தத் தளர்ச்சியும் சேர்ந்து காப்பியாகிவிடும்.

விஷயம் தெரிந்தவர் சேம்பிளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார். எங்கே உட்காருகிறது? ஓட்டைக்குள் இறங்குகிறதா, தண்டின் மேல் மாட்டுகிறதா? ஓட்டைக்குள் என்றால் வெளி விட்டம் முக்கியம், தண்டின் மேல் என்றால் உள் விட்டம். அழுத்தும்போது விட்டம் கொஞ்சம் பெருக்கும் என்பதால் ஓட்டைக்குள் இடைவெளியும் விட வேண்டும். மாட்டியதும் எந்த நீளத்தில் நிற்கும், வேலை செய்யும்போது எந்த நீளத்துக்கு வரும், அந்த இரண்டு இடத்திலும் எத்தனை கிலோ லோடு வேண்டும்? ஒரு நாளில் எத்தனை முறை அழுந்தும்? சூடு உண்டா, தண்ணீர் படுமா, எண்ணெயில் கிடக்குமா? நீளம் விட்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் போனால் அழுத்தும்போது பக்கவாட்டில் வளையும் என்று அவரே எச்சரிப்பார். இத்தனையும் கேட்கிறவர் தொந்தரவாகத் தெரியலாம். எனக்கு அவர்தான் முதல் தேர்வு. ஒன்றுமே கேட்காமல் ரேட் சொல்கிறவரிடம் நான் ஆர்டர் கொடுக்க மாட்டேன்.

அடுத்து கிலோ ரேட். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்ததை எடுத்து, அதிலும் பத்து சதவீதம் இறக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். ஸ்பிரிங்கில் இது எங்கே போய் இடிக்கும் என்று ஒரு கணக்கைப் பார்க்கலாம். 2 மி.மீ. கம்பி, நடு விட்டம் 16 மி.மீ., வேலை செய்கிற சுற்று 8. கார்பன் ஸ்டீல் கம்பியில் இதை 10 மி.மீ. அழுத்தச் சுமார் 5 கிலோ வேண்டும். இறக்கிய விலைக்கு ஈடாகக் கம்பி 1.95 ஆகிவிட்டால் அதே 10 மி.மீ.க்கு 4.5 கிலோ போதும். மயிரிழை அளவு குறைந்ததற்கு லோடில் பத்து சதவீதம் போய்விட்டது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதுதான் காரணம். கம்பியின் கனத்தை மி.மீ.யில் சொல்லாமல் ஒரு எண்ணால் சொல்கிற கேஜ் கணக்கும் இதே வேலையைச் செய்யும். 14 கேஜ் என்று வாய்ப்பேச்சில் சொன்னால் அது 2.03 மி.மீ. டிராயிங்கில் 2 என்று இருந்து கம்பி 14 கேஜாக வந்தால் ஆறு சதவீதத்துக்கு மேல் லோடு ஏறிவிடும். ஆகவே மி.மீ.யில் எழுதுங்கள், வந்ததும் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். வெர்னியரில் இந்த வித்தியாசத்தை நம்பிப் பிடிக்க முடியாது. பிளேட்டிங் போட்டிருந்தால் அதன் கனத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

கம்பியின் ரகமும் அப்படியே. இந்தியத் தர எண் ஐஎஸ் 4454-இல் முதல் பாகம் குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல் கம்பிக்கு, இரண்டாவது எண்ணெயில் கடினப்படுத்திய கம்பிக்கு, நான்காவது ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு. பர்ச்சேஸ் ஆர்டரில் பாகமும் கிரேடும் இல்லாமல் ‘ஸ்பிரிங் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதினால் எது வந்தாலும் தவறென்று சொல்ல முடியாது. கம்பி ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பர் (ஒரே தடவையில் உருக்கிய ஸ்டீலுக்குத் தருகிற எண்), பட்டறையில் கிடக்கிற கம்பிச் சுருளின் அட்டையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிற பழக்கம் உண்டு. அட்டை மட்டும் பொருந்தாது.

துருப் பிடிக்கிறது என்று சிலர் அதே டிராயிங்கிலேயே ‘ஸ்டெயின்லெஸ்ஸில் போட்டுக் கொடுங்கள்’ என்பார்கள். அளவு அதேதான், ஆனால் லோடு பத்து சதவீதத்துக்கு மேல் குறையும், ஏனென்றால் அந்த உலோகத்தின் விறைப்பே குறைவு. டிராயிங்கை மாற்றாமல் ‘சரி’ என்று வாங்கிக்கொள்கிற ஆளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அப்புறம் இந்தக் காந்தச் சோதனை. காந்தம் ஒட்டுகிறது, அதனால் 304 ரக ஸ்டெயின்லெஸ் இல்லை என்று லாட்டையே திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. குளிர்நிலையில் இழுத்த 302, 304 ஸ்பிரிங் கம்பியில் காந்தம் ஓரளவு ஒட்டவே செய்யும். சந்தேகம் என்றால் கம்பித் துண்டைக் கெமிக்கல் டெஸ்ட்டுக்குக் கொடுங்கள்.

இதையெல்லாம்விட அதிகமாகக் கோட்டைவிடுகிற இடம் ஜிங்க் பிளேட்டிங். ஸ்பிரிங் வந்து ஸ்டோரில் இருக்கும். யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். மாட்டி வைத்த மறுநாள், லோடு பெரிதாக ஏறாமலே, ஒரு சுற்று ‘டக்’கென்று உடைந்து கிடக்கும். உடைந்த முகத்தில் இழுபட்ட தடம் இருக்காது, கண்ணாடி உடைந்த மாதிரி இருக்கும். ஆசிட்டில் முக்கும்போதும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள் புகுந்து, கடினமான கம்பியை நொறுங்குகிற தன்மைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இதற்கு வைத்தியம் உண்டு. பிளேட்டிங் முடிந்த நாலு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் ஓவனில் பல மணி நேரம் வைக்க வேண்டும். அதுவும் மஞ்சளோ நீலமோ கலர் பாசிவேஷன் (ஜிங்க் மேல் கொடுக்கிற பாதுகாப்புப் படலம்) கொடுப்பதற்கு முன்பே. கலர் கொடுத்த பிறகு சூடாக்கினால் அந்தப் படலம் கெட்டுவிடும்.

நம் ஊரில் சிக்கல் எங்கே என்றால், ஸ்பிரிங் போடுகிறவர் ஒருவர், பிளேட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறவர் வேறொருவர். சாமான் டெம்போவில் போய் டெம்போவில் வரும். வண்டி வரவில்லை, ஓவனில் வேறு லாட் இருக்கிறது, நாளைக்கு ஞாயிறு என்று அந்த நாலு மணி நேரம் போய்விடும். உடைந்த பிறகு இவர் அவரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார். எனவே ஸ்பிரிங் செய்கிறவரிடம் கேட்க வேண்டியது, ‘பிளேட்டிங்குக்குப் பின் சூடாக்குவது யார், எந்த ஓவனில், அந்த நேரம் எங்கே எழுதியிருக்கிறது’ என்பதுதான். முழிக்கிறார் என்றால் வேறு இடம் பாருங்கள். எண்ணெயிலேயே கிடக்கப்போகிற ஸ்பிரிங்குக்கு ஜிங்க்கே தேவையில்லை, பாஸ்பேட் பூச்சு போட்டு எண்ணெய் தடவினால் போதும் என்று சொல்லிப் பிளேட்டிங் செலவைக் குறைக்கிறவரைக் கையோடு பிடித்துக்கொள்ளலாம்.

போனிலும் வாட்ஸப்பிலும் முடித்துக்கொள்வது இன்னொரு தவறு. கோவை கணபதியிலிருந்து குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போய் வர அரை நாள் ஆகுமா? ஒருமுறை போய்ப் பாருங்கள். கம்பியைச் சுற்றுகிற சிஎன்சி காயிலிங் மெஷின் எத்தனை என்று எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். கம்பிச் சுருள் மழைக்காலத்தில் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். தரையில் ஈரத்தில் கிடந்து துருப்புள்ளி விழுந்த கம்பி, ஆயிரக்கணக்கில் அழுந்துகிற வேலையில் அந்தப் புள்ளியிலிருந்துதான் விரிசல் விடும். ஓவனில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வேலை செய்கிறதா, லோடு டெஸ்டர் ஷெட்டில் இருக்கிறதா, அதன் கேலிபரேஷன் (அளவு சரிபார்த்த) தேதி என்ன என்று பாருங்கள். சுவரில் மாட்டிய ஐஎஸ்ஓ சர்டிபிகேட்டில் எந்த வேலைக்குக் கொடுத்தது, எந்தத் தேதி வரை என்ற இரண்டு வரியைப் படித்தால் போதும்.

சேம்பிள் விஷயத்தில் ஒரு நுணுக்கம். பத்துச் சேம்பிளை அனுபவசாலி ஒருவர் லேத்தில் கையால் சுற்றிக் கொடுத்துவிடுவார், அருமையாக இருக்கும். ஐயாயிரம் பீஸ் ஆர்டர் மெஷினில் ஓடும்போது கம்பியும் வேறு, கையும் வேறு. லாட் போடப்போகிற அதே மெஷினில், அதே கம்பியில் எடுத்த சேம்பிள்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அது வந்ததும் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுற்றோடு சுற்று ஒட்டும்வரை அழுத்தினாலும் தாங்கும்படி டிசைன் செய்த ஸ்பிரிங் என்றால், நீளத்தை அளந்துவிட்டு, பெஞ்ச் வைஸில் வைத்து முழுதாக நாலைந்து முறை அழுத்தி மறுபடி அளங்கள். நீளம் இறங்கிவிட்டால் அவர் அதை முன்னமே அழுத்தி நிலைப்படுத்தவில்லை, அல்லது ஓவனில் சரியாக வைக்கவில்லை. ஓகே ஆன சேம்பிளில் சிலதை இரண்டு பேரும் கையெழுத்திட்ட கவரில் போட்டு ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் அடுத்த லாட்டில் வாக்குவாதம் வராது.

ஆர்டரின் அளவையும் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கில் ஓட்டுகிற கம்பெனியிடம் இருநூறு பீஸ் கொடுத்தால் அது வரிசையில் கடைசியில்தான் நிற்கும். அதற்குச் சின்ன யூனிட்தான் சரி.

சின்ன யூனிட் என்றால் பணம் கொடுக்கிற நாளும் தரத்தோடு சேர்ந்த விஷயம். குறு, சிறு தொழில்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதமானால், பணம் கொடுத்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும் என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்துவிட்டது. இருந்தும் மூன்று மாதச் செக் இன்னும் நடக்கிறது. கம்பிக்கு ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமென்றால், அடுத்த லாட்டுக்கு எங்கே மலிவாகக் கம்பி கிடைக்கும் என்றுதான் தேடுவார்.